குப்பைமேடும் நுரையீரலும்

பருவநிலை மாற்றம் என்றால் துருவத்துப் பனியை நினைக்கிறோம். காற்று மாசு என்றால் டெல்லியை. இரண்டையும் சென்னைக்குள் ஒரே இடத்தில் காட்டலாம்: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எழுந்த பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. 2022 ஏப்ரல் கடைசியில் அது பற்றிக்கொண்டபோது அணைக்க நாட்கள் பிடித்தன. மட்கும் குப்பை, காற்றுப் புகாத அடியடுக்கில் அழுகினால் மீத்தேன் பிறக்கிறது. இருபதாண்டுக் கணக்கில், அதே எடை கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. பூமி சூடேறச் சூடேற, கோடையில் கிடங்கு தீப்பிடிப்பது எளிதாகிறது. அந்தப் புகையிலுள்ள, 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காது. நுரையீரலின் காற்றறைவரை போய், ரத்தத்திலும் கலக்கும். தீ இல்லாத நாளிலும் மீத்தேன் சும்மா இருப்பதில்லை. உலகெங்கும் தரைமட்ட ஓசோன் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஓசோனோ மூச்சுக்குழலை எரிச்சலூட்டி ஆஸ்துமாவைக் கிளறிவிடும். வானிலைத் துறைக்கு ஒரு கோப்பு, சுகாதாரத் துறைக்கு வேறொரு கோப்பு என்று இதைப் பிரிக்கவே முடியாது.

“கடற்காற்று இருக்கிறதே, நாம் டெல்லி ஆகமாட்டோம்” என்பார்கள். ஆகமாட்டோம்தான். ஆனால் கடற்காற்று மாசை அழிப்பதில்லை, கடற்கரையிலிருந்து உள்நிலப் பக்கம் தள்ளுகிறது. மார்கழி விடியலில் அந்தத் துணையும் கிடையாது. 2018 போகியன்று புகைமூட்டத்தில் விமானங்களே தடுமாறின. “அளவு வரம்புக்குள்தானே?” என்று அடுத்த கேள்வி வரும். எந்த வரம்பு? அந்த 2.5 மைக்ரான் நுண்துகளுக்கு நம் நாட்டின் ஆண்டு வரம்பு ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. நாற்பதுக்குள் நின்று நிம்மதி கொள்ள நுரையீரலுக்குச் சட்டம் தெரியாது.

பூமியைச் சூடாக்கியதில் பெரும்பங்கு பணக்கார நாடுகளுடையது என்ற வாதம் நியாயமானது, நிவாரணம் கேட்போம். ஆனால் கிடங்குப் புகையைச் சுவாசிப்பவர் பக்கத்துத் தெருக்காரர். தீர்வாக, சென்னையின் இன்னொரு குப்பைக் கிடங்கான கொடுங்கையூரில் எரிஉலை அமைத்து மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்கள். நம் குப்பையில் பெரும்பகுதி ஈரக்கழிவு, ஈரம் நன்றாக எரியாது. அதை உரமாக்கலாம், எரிவாயுவாக்கலாம். அதற்கு வீட்டில் பிரித்த குப்பை லாரியில் மறுபடி கலக்கக் கூடாது. எந்த வண்டி எதை ஏற்றி எங்கே கொட்டுகிறது என்ற கணக்கை மாநகராட்சி வார்டு வாரியாக மாதந்தோறும் வெளியிடட்டும். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் முதல் கேள்வியாக இதையே கேளுங்கள்.