சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்

(தலைப்பு: போர் ஓய்ந்த நாட்டில் அமைதியைக் காப்பது படையா, தூதா? "தூதே" அணியில் பேசியது)



எதிரணி நண்பர் கேட்டார்: "துப்பாக்கி இல்லாத தூதர் போய் என்னய்யா கிழிச்சார்?" ஆள் பேரைச் சொல்லியே பதில் சொல்றேன். ஜி. பார்த்தசாரதி. நம்ம சென்னைக்காரர். கிரிக்கெட் ஆடினவர், 'இந்து'வில் எழுதினவர்.

1954இல் ஜெனீவா உடன்பாட்டால் இந்தோசீனப் போர் நின்றது. சொன்னபடி நடக்கிறாங்களான்னு பார்க்க ஒரு மேற்பார்வை ஆணையம். கனடா, போலந்து உறுப்பினர்கள்; இந்தியா தலைமை. ஒருத்தர் அமெரிக்கா பக்கம், ஒருத்தர் ரஷ்யா பக்கம். நடுவில் நாம. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி! (சிரிப்பு)

போப் ஐயர் பணியாற்றிய சாயர்புரத்திலிருந்து வர்றேன். குறளைச் சொல்லாமல் போக முடியுமா? வள்ளுவர் 'தூது'க்கு ஓர் அதிகாரம் வைத்தார். 'நடுவு நிலைமை'க்கு வேறோர் அதிகாரம் வைத்தார். தூதன் தன் அரசனுக்காகப் பேசுகிறவன். நடுவன் யாருக்காகவும் பேசாதவன். இரண்டையும் ஒரே ஆள் செய்வதுதான் இந்த வேலை! (கைதட்டல்)

பார்த்தசாரதி முதலில் கம்போடியாவில் தலைவர். அங்கே வியட்மின் படை வெளியேறியது. 1955 செப்டம்பரில் தேர்தல் நடந்தது. அடுத்து வியட்நாம். 1956 ஜூலையில் தேர்தல் நடத்தி நாட்டை இணைக்கணும். தென் வியட்நாம் அரசு, "நான் கையெழுத்தே போடலையே"ன்னுது. தேர்தல் நடக்கலை. மறுபடி போர், 1975 வரைக்கும்.

"பார்த்தீங்களா, தோல்வி"ம்பீங்க. ஐயா, அம்பயர் அவுட் கொடுத்த பிறகும் ஆட்டக்காரன் நகர மாட்டேன்னு நின்னா, அது அம்பயர் குத்தமா? (சிரிப்பு)

தூத்துக்குடிக் கரையில் நின்று எதிர்த் திசையைப் பாருங்கள். 1983இல் இதே பார்த்தசாரதிதான் இந்திரா காந்தி அம்மையாரின் தூதராகக் கொழும்பு போனார். 2002 போர் நிறுத்தத்தைக் கண்காணிக்க நார்வே தலைமையில் குழு வந்தது. படை கிடையாது, பார்த்தார்கள், எழுதினார்கள். 2008 ஜனவரியில் அவர்கள் வேலை முடிந்தது. செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களும் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த மே மாதத்துக்குள் மாண்ட பொதுமக்கள் எத்தனை பேர்? 40,000 வரை இருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை. 'இருக்கலாம்'! எண்ணிச் சொல்ல அங்கே ஆள் இல்லை ஐயா. (அமைதி)

படைக்கு அங்கே பஞ்சமே இல்லை. இல்லாமல் போனது சாட்சி. கையில் குறிப்பேட்டோடு ஒருவர் நிற்கிறார் என்றால், அடிக்க ஓங்குகிறவன் ஒரு தரமாவது திரும்பிப் பார்ப்பான். அந்த ஒரு தரம்தான் தூதரின் பலம்.

ஆகவே, தூதே எனத் தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)