குடியும் பெண்ணின் எலும்பும்

எலும்பு உயிருள்ளது, நேயர்களே. பழைய வீட்டைப் பழுது பார்ப்பதுபோல, ஒரு வகைச் செல்கள் நைந்த எலும்பை இடித்தெடுக்கின்றன. இன்னொரு வகைச் செல்கள் புதிதாகக் கட்டுகின்றன. மது மிகுந்தால் கொத்தனாரின் கைதான் தளர்கிறது. இடிப்பு நிற்பதில்லை. கட்டுவதுதான் மந்தமாகிறது.

பெண்ணுக்கு இதில் ஆபத்து கூடுதல். அவள் உடலில் நீர் குறைவு. அதனால் ஆண் குடிக்கும் அதே அளவு மது அவள் ரத்தத்தில் அதிகமாக ஏறுகிறது.

30 வயதையொட்டி எலும்பு உச்ச வலுவை எட்டும். கல்லூரிப் பருவத்திலேயே மிதமிஞ்சிக் குடித்தால் அந்த வலு முழுதாகச் சேராமல் போகலாம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு வேகமாகத் தேய்கிறது. அதோடு குடியும் சேர்ந்தால்? ஒரு தள்ளாட்டம், ஒரு சறுக்கல், இடுப்பெலும்பு முறிவு. பழையபடி நடமாட மாதக்கணக்கில் ஆகும், பாவம்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவான 'ஃப்ராக்ஸ்' என்ற முறை, எலும்பு முறியும் அபாயத்தைக் கணிக்கிறது. தினமும் 3 அலகோ அதற்கு மேலோ மது உண்டா என்பது அதன் கேள்விகளில் ஒன்று.

நல்ல செய்தியும் உண்டு. குடியை விட்ட சில வாரங்களிலேயே கட்டும் செல்கள் மறுபடி சுறுசுறுப்பாகின்றன. நெடுநாள் குடித்தவர்கள் மட்டும் மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும்.