முதலமைச்சரையே வீட்டுக்கு அனுப்பிய தொகுதி
(பென்னலூர் விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)



"நமக்குத் தெரிஞ்ச மந்திரி இருக்காரு, நிலத்தை எடுக்க விடமாட்டாரு" என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டு இருக்கிறோம். நம்ம பக்கத்து மந்திரி ஒருவர் கதையைக் கேளுங்க.

பென்னலூரிலிருந்து மெட்ராஸ் போகிற ரோட்டில் பூந்தமல்லிக்கு முன்னால் நசரத்பேட்டை. அங்கே 1897-ல் பிறந்தவர் எம்.பக்தவத்சலம். வக்கீல். வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் அடிபட்டவர், சிறை போனவர். அந்தத் தியாகத்தை நாம் மறுக்கவில்லை. ஓமந்தூரார் மந்திரிசபையில் பொதுப்பணி, காமராஜர் மந்திரிசபையில் விவசாயம், பிறகு உள்துறை. 1963 அக்டோபர் 2-ல் முதலமைச்சர். அப்போது அவர் நம்ம ஸ்ரீபெரும்புதூர் எம்.எல்.ஏ.!

விவசாய இலாகா பார்த்தவர் ஆட்சியிலேயே அரிசிப் பஞ்சம். தாய்மார்கள் கடை வாசலில் கால்கடுக்க நின்றார்கள். 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு. 1967-ல் தி.மு.க. ரூபாய்க்கு மூணு படி அரிசி என்றது. (மூணு படி கடைசிவரை வரவில்லை, அது வேறு கதை.) நம்ம ஜனங்க தி.மு.க.வின் டி.ராஜரத்தினத்துக்குக் குத்தினார்கள். முதலமைச்சர் கிட்டத்தட்ட 9,000 ஓட்டில் தோற்றார். மந்திரி, சொந்தப் பக்கத்துக்காரர் என்று யாரும் பார்க்கவில்லை.

இன்று இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை கம்பெனி. நிலத்தைக் கொடுத்தவன் அதே கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறான். ஓட்டு கேட்டு எந்தக் கட்சி வந்தாலும் முதலில் கேளுங்க: ஏரிப் பாசன நிலத்தைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பியா? குத்தகைக்காரனுக்கும் இழப்பீடு உண்டா?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுநாள். சிட்டா, அடங்கல் நகலோடு வாங்க. ஒத்தை ஆளா வேண்டாம், ஊரோடு வாங்க.