பெரிய வாகனங்களின் அருகே நம் சிறிய அலட்சியம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட இவ்வவையில், நம் வீட்டு வாசலைத் தாண்டியதும் எதிர்ப்படும் ஓர் ஆபத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். லாரி, டிப்பர், தண்ணீர் லாரி, கண்டெய்னர் போன்ற கனரக வாகனங்களின் அருகே நாம் வண்டி ஓட்டும் முறையே அந்த ஆபத்து.

தல்லாகுளம் வாகன நெரிசல் மிகுந்த பகுதி என்பதை நாம் அறிவோம். அழகர்கோவில் சாலையும் நத்தம் சாலையும் இங்கிருந்தே பிரிகின்றன. மாட்டுத்தாவணிக்கு 2010-இல் காய்கறிச் சந்தை மாறியது. நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. சரக்கு ஏற்றிய லாரிகளுக்கு இடையே, பள்ளிப் பிள்ளைகளை முன்னும் பின்னும் அமர்த்திக்கொண்டு இருசக்கர வாகனத்தில் செல்வது நம் அன்றாட வாழ்க்கையாகிவிட்டது.

லாரியுடன் நேரும் விபத்து பதவியையோ அந்தஸ்தையோ பார்ப்பதில்லை. தமிழக அமைச்சராகப் பொறுப்பேற்று ஒரு வாரமே ஆகியிருந்த மரியம் பிச்சை அவர்கள், சட்டமன்ற உறுப்பினராக உறுதிமொழி ஏற்பதற்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்குக் காரில் புறப்பட்டார். 2011 மே 23 அன்று, பாடாலூர் அருகே லாரியுடன் நேர்ந்த விபத்தில் அவர் உயிரிழந்தார். நாடே அறிந்த மற்றொரு துயரம் 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் நிகழ்ந்தது. அனுமதியின்றிக் கட்டப்பட்ட பதாகை சரிந்து விழுந்ததால், ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் நிலைகுலைந்து கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர் மீது ஏறிவிட்டது. வெறும் சாலையில் விழுந்தால் காயத்தோடு எழக்கூடும். லாரியின் அருகே விழுந்தால் எழுவது அரிது. திருமணத்திற்கும் விழாவிற்கும் சாலையோரம் பதாகை கட்டுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, லாரியின் இயல்பை அறிந்துகொள்வோம். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். ஆகவே இடப்புறத்தில் ஒட்டி வரும் சிறு வண்டியும், முகப்பிற்கு மிக அருகே நிற்கும் வண்டியும், பின்புறத்தை ஒட்டி வரும் வண்டியும் அவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லையெனில், நாமும் அவருக்குத் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அடுத்தது திருப்பம். நீண்ட வண்டி இடப்புறம் திரும்பும்போது, முன்சக்கரம் சென்ற தடத்திலேயே பின்சக்கரம் செல்வதில்லை. அது ஓரத்தை நோக்கி உள்வாங்கிக்கொண்டே வரும். லாரிக்கும் நடைபாதைக்கும் இடையே தெரிந்த இடைவெளி சில நொடிகளில் இல்லாமற் போகும். அதில் வண்டியை நுழைத்தவர் பின்சக்கரத்தில் சிக்கிக்கொள்கிறார்.

மூன்றாவது, நிறுத்தும் தூரம். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். சரக்கோடு 16 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள லாரி, பிரேக் பிடித்ததும் கார் போல நின்றுவிடாது. அதனை முந்திச் சென்று அதன் முன்னே சட்டென வேகத்தைக் குறைப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். அவ்வாறே, லாரியின் பின்னே ஒட்டிச் செல்லும் கார் மோதினால், காரின் முன்பகுதி லாரிக்கு அடியில் புகுந்துவிடும்; லாரியின் பின்தட்டு உள்ளே இருப்பவரின் தலைமட்டத்திற்கு வந்துவிடும்.

இவற்றைப் பிறருக்கு உபதேசமாக மட்டும் கூறவில்லை. தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று சிக்னலில் லாரியின் இடப்புறமாக நுழைந்து முன்னே சென்றவர்களில் நாமும் ஒருவரே. அதிகாலைத் தொழுகைக்கு "பக்கத்துத் தெருதானே" என்று ஹெல்மெட் இன்றிச் சென்றதும் உண்டு. அரை நிமிடம் மிச்சமானதைத் தவிர அதனால் பெற்ற பயன் யாது?

ஆகவே சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். பெற்றோர்களே, 18 வயது நிறையாத மகனிடம் வண்டிச் சாவியைத் தராதீர்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அவன் இழைக்கும் குற்றத்திற்குப் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. எனினும் சட்டத்திற்கு அஞ்சுவதைவிடப் பிள்ளையின் உயிருக்கு அஞ்சுவதே பொருத்தம். பின்னிருக்கையில் அமரும் மனைவி மக்களுக்கும் ஹெல்மெட் வாங்குங்கள்.

நம் ஜமாஅத்தில் லாரி வைத்திருப்போரும் ஓட்டுவோரும் சரக்கு வரவழைக்கும் வணிகர்களும் உள்ளனர். பக்கவாட்டுத் தடுப்பும் பின்புறத் தடுப்பும் ஒளிரும் பட்டைகளும் குறைவின்றி இருக்கின்றனவா எனப் பாருங்கள். இரவில் விளக்கின்றிச் சாலையோரம் லாரியை நிறுத்தாதீர்கள். நெருக்கடியான தெருவில் பின்னோக்கி எடுக்கையில் கிளீனரை இறங்கி நின்று வழிகாட்டச் செய்யுங்கள். தூக்கமின்றி வந்த ஓட்டுநரை மறுபடியும் உடனே அனுப்பாதீர்கள்.

விபத்தைக் கண்டால் கூடி நின்று ஓட்டுநரை அடிக்க முற்படாமல், முதலில் 108-ஐ அழையுங்கள். உதவ முன்வருவோருக்கு அதே திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணிநேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. பணத்திற்கு என்ன செய்வதென்று தயங்கி நேரத்தை இழக்க வேண்டாம்.

பெரியோர்களே! வீட்டின் ஒரே வருமானம் சாலையில் மறைந்தபின், அக்குடும்பத்திற்கு நாம் வசூல் செய்து தரும் உதவி எத்துணைப் பெரிதாயினும் அந்த இழப்பை ஈடுசெய்யாது. லாரி செல்லட்டும்; நாம் சற்றுப் பின்னே நிற்போம். வீட்டில் நமக்காகக் காத்திருப்போர் சிறிது நேரம் கூடுதலாகக் காத்திருப்பதில் குறையொன்றுமில்லை.