ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன்...

(திண்டுக்கல் பேகம்பூரில் நடைபெற்ற இளைஞர்கள், வணிகர்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே அமர்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் கடைக்காரர்கள். மீதிப்பேர் அந்தக் கடைக்காரர்களின் பிள்ளைகள். பிள்ளைகளில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கிறார்கள், லீவில் வந்திருக்கிறார்கள். சிலர் லீவில் வரவில்லை. வேலை போய் வந்திருக்கிறார்கள். அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி இரண்டு பேர் என்னிடம் வந்து பேசினார்கள். அவர்களுக்காகத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். யார் யார் என்று தேடாதீர்கள்.

வேலை போய்விட்டது என்றால் நம் பெரியவர்களுக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான்: 'பையன் என்னவோ தப்புச் செய்திருப்பான்!' சகோதரர்களே! 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12 ஆயிரம் ஊழியர்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அதன் மொத்த ஊழியர்களில் அது 2 சதவீதம். பெரும்பாலும் நடுமட்ட, மேல்மட்டப் பதவிகளில் இருந்தவர்கள் என்றும் சொன்னது. 12 ஆயிரம் பேருமா தப்புச் செய்தார்கள்?

வியாபாரிகளுக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். இந்தக் கம்பெனிகளில் பல, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வாடிக்கையாளருக்கு ஆட்களின் நேரத்தை விற்கின்றன. இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்று பில் போடுகிறார்கள். ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை சும்மா இருப்பவருக்கு 'பெஞ்சில் இருக்கிறார்' என்று பெயர். அவர் பேரில் பில் கிடையாது, சம்பளம் மட்டும் உண்டு. குடோனில் கிடக்கிற சரக்கு மாதிரி. புதிதாகப் படித்துவிட்டு வந்த பையனைக் கிடப்பில் வைத்திருந்தால் நஷ்டம் குறைவு. பத்துப் பதினைந்து வருடம் அனுபவம் உள்ளவருக்குச் சம்பளம் பல மடங்கு. ஆகவே கணக்குப் பார்க்கும் நாளில் முதலில் அவர் தலைதான் தெரிகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, செயற்கை நுண்ணறிவு கொண்டு சாதாரண புரோகிராம் எழுதுவது, சோதித்துப் பார்ப்பது, வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் தருவது போன்ற வேலைகளைக் குறைந்த ஆட்களை வைத்துச் செய்துகொள்ளலாம் என்று முதலாளிகள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி என்பது போகப் போகத் தெரியும். ஆனால் கணக்குப் போட்டவுடனே ஆளைக் குறைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இது இன்று நேற்று வந்ததுமல்ல. 2014 டிசம்பரில் இதே டி.சி.எஸ்.ஸில் அனுபவசாலிகள் வெளியேற்றப்பட்டபோது சென்னையில் பெரிய கொந்தளிப்பு ஏற்பட்டது. கர்ப்பிணியான ஒரு பெண் ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2015 ஜனவரியில் அவருடைய பணிநீக்கத்துக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒரு பெண், வயிற்றில் பிள்ளையோடு! நம் ஆண்பிள்ளைகள் பலர் சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த காலம் அது.

அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இன்று நான் முக்கியமாகப் பேச வந்தேன்.

என்ன நடக்கிறது? ஒருநாள் ஹெச்.ஆர். அறைக்கு அழைக்கிறார்கள். 'நீங்களாகவே ராஜினாமா செய்துவிடுங்கள். அனுபவச் சான்றிதழ் நல்லபடியாகத் தருகிறோம். இல்லையென்றால் நாங்கள் நீக்கவேண்டி வரும், உங்கள் எதிர்காலம் கெட்டுவிடும்' என்கிறார்கள். இன்றே, இந்த அறையிலேயே முடிவு செய்ய வேண்டுமாம்! பையன் பயந்து போகிறான். சட்டென்று கையெழுத்துப் போடுகிறான்.

அந்த ஒரு கையெழுத்தில் என்ன போகிறது தெரியுமா? நிர்வாகம் உங்களை நீக்கினால் அதற்குச் சட்டத்தில் ஆட்குறைப்பு என்று பெயர். ஒரு வருடமாவது தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்யவேண்டுமானால், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு தரவேண்டும். 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்தில் இது இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அதோடு, புதிய தொழில் கற்றுக்கொள்வதற்காக இன்னொரு 15 நாள் சம்பளத்தையும் ஆட்குறைப்புச் செய்யப்பட்டவரின் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. மாதம் 60 ஆயிரம் சம்பளத்தில் 8 வருடம் இருந்தவருக்கு இழப்பீடு மட்டும் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம். 'நானாகவே விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? ஒரு பைசா இழப்பீடு கேட்க வழியில்லை. ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை மட்டும் எப்படியும் உண்டு. அது ராஜினாமா செய்தாலும் கிடைக்கும்.

'நான் டீம் லீடர் ஆயிற்றே, நான் தொழிலாளியா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிர்வாகப் பணி செய்பவர்களும், மாதம் 18 ஆயிரத்துக்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் சட்டத்தின் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆனால் கம்பெனி கொடுத்த பதவிப் பெயரை வைத்து மட்டும் இது முடிவாகாது. உண்மையில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். பெயர் மேனேஜர், செய்கிற வேலை ராத்திரி பகலாக புரோகிராம் எழுதுவது என்றால் உங்களுக்கும் வழி உண்டு. 2016இல் தமிழக அரசே, ஐ.டி. கம்பெனிகளுக்குத் தொழில் தகராறு சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் கிடையாது, ஊழியர்கள் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தெளிவுபடுத்தியது.

சங்கம் என்றதும் சிலர் முகம் மாறுகிறது. காரணம் எனக்குத் தெரியும். நாம் திண்டுக்கல்காரர்கள்!

இந்த ஊரில் தோல் ஷாப்பு முதலாளிகள் பலர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவர்கள் பெரும்பாலும் தலித் சகோதரர்கள். அவர்கள் சங்கம் வைத்துப் போராடிய சரித்திரத்தை டி. செல்வராஜ் 'தோல்' என்று ஒரு நாவலாகவே எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. படித்திருக்கிறீர்களா? படியுங்கள். நம் பாட்டன்மார் சங்கத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள் என்பது விளங்கும். அந்தப் பார்வை நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ஆனால் சகோதரர்களே! இன்று நம் பிள்ளை தொழிலாளி. ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறான், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது, வாயில் இங்கிலீஷ் பேசுகிறான், ஆனாலும் தொழிலாளி. மனசு முதலாளி மனசு, இருக்கிற இடமோ குழி! அதனால்தான் பக்கத்து நாற்காலிக்காரனை வெளியே அனுப்பும்போது பேசாமல் இருக்கிறான். தன் முறை வரும்போது தனியாக நிற்கிறான்.

தோல் ஷாப்பு பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்கிறேன். 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் உள்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகளுக்குத் தலா 10 ஆயிரம் ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் இழுத்து மூடவேண்டும். அப்போது நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த சிறுவன். ஊரே துக்க வீடு மாதிரி இருந்தது நினைவிருக்கிறது. (குடகனாற்றங்கரையில் கிணறு கெட்டுப்போன விவசாயியின் பக்கம் நியாயம் இருந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.) அதன் பிறகு யார் மீண்டார்கள்? பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொழிலில் ஒரு கைவேலை மட்டும் தெரிந்தவர் திண்டாடினார். தோலின் தரம் பார்க்கத் தெரிந்தவர், கொள்முதல் தெரிந்தவர், கணக்கு வழக்குத் தெரிந்தவர், வெளியூர் வாடிக்கையாளரோடு பேசத் தெரிந்தவர் இன்னொரு கடையில், இன்னொரு சரக்கில் கால் ஊன்றிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் வேலையும் அப்படியே. ஒரு சாப்ட்வேரின் ஒரு மூலையைப் பத்து வருடம் துடைத்துக் கொண்டிருந்தவர், அந்த சாப்ட்வேர் போனதும் போய்விடுகிறார். பேங்குக்கு புரோகிராம் எழுதினால் பேங்க் எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு எழுதினால் ஆஸ்பத்திரிக் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த அறிவு உங்களோடு அடுத்த இடத்துக்கும் வரும்.

வணிகப் பெருமக்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. மறுவருடம் ஈ-வே பில் வந்தது. சரக்கு லாரி நகர வேண்டுமென்றால் கம்ப்யூட்டரைத் தொடவேண்டும் என்று ஆகிவிட்டது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலும் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டிலும் செல்போனில்தான் பணம் கைமாறுகிறது. வெளியாளுக்குக் காசு கொடுத்துச் செய்கிற இந்த வேலைகளை, வீடு திரும்பிய பிள்ளை நாலு கடைக்குச் சேர்த்துச் செய்து ஒரு தொழிலாகவே நடத்தலாம். ஆனால் ஒன்று: மகன்தானே என்று சும்மா வேலை வாங்காதீர்கள். சம்பளம் போட்டுக் கொடுங்கள். கணக்கு எழுதுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் மறுபடி சென்னைக்கு பஸ் ஏறிவிடுவான், அவன் மேல் தப்பில்லை.

கடனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வட்டி ஹராம் என்பது உங்களுக்குத் தெரியும். அதை இன்று பயான் செய்ய வரவில்லை. வெறும் கணக்காகவே பாருங்கள். அடுத்த ஆஃபர் வரும் என்ற நம்பிக்கையில் பிளாட், கார், கிரெடிட் கார்டு என்று தவணை கட்டுகிற பையனுக்கு, ஹெச்.ஆர். அறையில் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்லும் தைரியம் எங்கிருந்து வரும்? கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருப்பவன்தான் எழுந்து வரமுடியும். தவக்குல் என்று சொல்லிக்கொண்டு ஒரு மாத அரிசிகூட இல்லாமல் கடை நடத்துகிற வியாபாரி உங்களில் யாராவது உண்டா?

இதில் பெண் வீட்டாருக்கும் பங்கிருக்கிறது. ஐ.டி. மாப்பிள்ளை என்று சம்பளச் சீட்டைப் பார்த்து நகையும் ரொக்கமும் பேசுகிறீர்கள். வேலை போனதும் மருமகனைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள். வேலை போனதை அவன் மறைக்கிறான் என்றால் பாதி உங்களுக்குப் பயந்துதான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வேலையிழந்து தவிக்கிறவனைத் தேடித்தான் மோசக்காரன் வருவான். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, கை நிறையச் சம்பளம் என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதியில் அடைத்து வைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022இல் மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. அந்த வருடம் செப்டம்பரில் மத்திய வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. டூரிஸ்ட் விசாவில் வேலை என்று எவன் சொன்னாலும், அவன் நம் ஊர்க்காரனாக இருந்தாலும், தொழுகையில் பக்கத்தில் நிற்பவனாக இருந்தாலும், பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

ஹெச்.ஆர். அறையில் என்ன சொல்வது என்று அந்த இரண்டு தம்பிகளில் ஒருவர் கேட்டார். சண்டை வேண்டாம். 'நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை. நீக்குவதானால் எழுத்தில் தாருங்கள்' என்று அமைதியாகச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் நடந்ததை நாள், நேரம் போட்டு உங்கள் சொந்த இ-மெயிலில் எழுதி வையுங்கள். ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, உங்களுக்கு வந்த மதிப்பீட்டுக் கடிதங்கள் இவற்றின் நகல் இன்றே உங்கள் கையில் இருக்கட்டும்; வெளியே அனுப்பிய பிறகு கம்பெனிக் கணக்கைத் திறக்க முடியாது. பிறகு வக்கீலையோ சங்கத்தையோ பாருங்கள். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். நாள் தள்ளாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை இஷாவுக்குப் பிறகு, தொழிலாளர் வழக்கு நடத்துகிற ஒரு வக்கீல் நம் அலுவலகத்தில் வந்து உட்காருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கட்டணம் இல்லை. காகிதங்களை ஒரு பைலில் போட்டு எடுத்து வாருங்கள். ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் வரலாம். மிரட்டி வாங்கிய கையெழுத்து என்று நிரூபிக்க முடிந்தால் அதற்கும் வழி பார்க்கலாம் என்கிறார். முடிந்தால் அத்தாவையும் கூட அழைத்து வாருங்கள்.