குரோஷாவில் ஒரு கட்டத் தையல்

(தில்லியில் நடைபெற்ற மகளிர் பிரிவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தீபாவளி முடிந்து குளிர் எட்டிப் பார்க்கும் சமயம். கம்பளி நூலைக் கையில் எடுக்கும் பருவம் என்பதால் குரோஷாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரே ஒரு தையலைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதை முன்னிட்டு ஒரு வேண்டுகோளையும் வைக்கலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் வீடுகளுக்குக் குரோஷா புதிதல்ல. டி.வி.யின் மேல் விரிப்பு, வாசல் தோரணம், தலையணை உறையின் ஓரம் என்று நம் அம்மாக்களும் பாட்டிகளும் மெல்லிய பருத்தி நூலில் நிறையவே போட்டிருக்கிறார்கள். அந்த லேஸ் வேலையின் அழகு அதன் துவாரங்களில் இருக்கிறது. குளிருக்கு வேண்டியதோ நேர்மாறானது. துவாரம் குறைந்து, மேடும் பள்ளமுமாய், காற்றைத் தன்னுள் பிடித்து வைக்கும் தடித்த துணிதான் கதகதப்பைத் தரும். அதற்கு ஏற்றது ‘வாஃபிள்’ தையல். வில்லை போட்ட பர்பித் தட்டைப் போல, வரிசையாகக் கட்டங்கள் எழும்பி நிற்கும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நம்மில் பெரும்பாலோர் கற்றது பிரிட்டிஷ் முறை. அதில் ‘ட்ரிபிள்’ என்பதை அமெரிக்கப் புத்தகங்கள் ‘டபுள் குரோஷே’ என்கின்றன. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் புத்தகத்தைப் பார்த்துப் போடும்போது அளவு சரியாக வராமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இன்று நான் சொல்வது பிரிட்டிஷ் முறை. ஊசியில் நூலை ஒரு முறை சுற்றி, உள்ளே விட்டு, நூலை இழுத்தால் ஊசியில் மூன்று வளையங்கள் இருக்கும். அவற்றை இரண்டிரண்டாக இரு முறை கழற்றினால் ஒரு ட்ரிபிள்.

சற்றுத் தடித்த, வெளிர் நிறக் கம்பளி நூலும், 5 மில்லிமீட்டர் ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி சரியாகத் தெரியாது.

22 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து நான்காவது சங்கிலியில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ட்ரிபிள். விட்டுவிட்ட மூன்று சங்கிலியும் ஒரு ட்ரிபிள் கணக்கு. ஆக மொத்தம் 20 கண்ணிகள். இது முதல் வரிசை.

இனி ‘முன் தண்டு ட்ரிபிள்’ என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமாக ஊசியைக் கண்ணியின் தலையில் விடுகிறோம். இதில் தலையைத் தொடாமல், கண்ணியின் தண்டுக்கு வலப்பக்கம் முன்னாலிருந்து பின்னே நுழைத்து, இடப்பக்கமாக முன்னே எடுத்து, தண்டைச் சுற்றி ட்ரிபிள் போடுகிறோம். அந்தக் கண்ணி துணியிலிருந்து எழும்பி நிற்கும். இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் வரிசை: துணியைத் திருப்பி மூன்று சங்கிலி. அதுவே முதல் கண்ணி. அடுத்ததில் சாதாரண ட்ரிபிள் ஒன்று. பிறகு முன் தண்டு ஒன்று, சாதாரணம் இரண்டு என்று ஆறு முறை. கடைசி ட்ரிபிள் திருப்பும் சங்கிலியின் உச்சியில் விழ வேண்டும்.

மூன்றாம் வரிசை: திருப்பி மூன்று சங்கிலி. அடுத்த கண்ணியில் முன் தண்டு. பிறகு சாதாரணம் ஒன்று, முன் தண்டு இரண்டு என்று ஐந்து முறை. முடிவில் சாதாரணம் ஒன்று, முன் தண்டு ஒன்று, சங்கிலியின் உச்சியில் சாதாரணம் ஒன்று.

இரண்டாம், மூன்றாம் வரிசைகளையே மாற்றி மாற்றிப் போட்டுவர, நான்கைந்து வரிசையில் கட்டம் தெரிந்துவிடும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் 20 இருக்கிறதா என்று எண்ணுங்கள். அகலம் கூட்ட வேண்டுமானால் ஆரம்பச் சங்கிலியை 25, 28 என்று மூன்று மூன்றாகக் கூட்டலாம். இந்தத் தையல் உள்ளுக்கு இழுக்கும். நூலும் அதிகம் பிடிக்கும். ஆகவே மாதிரித் துண்டை அளந்து பார்த்த பிறகே போர்வைக்கு நூல் வாங்குங்கள். போட்டு முடித்ததும் இஸ்திரி வேண்டாம், கட்டம் அமுங்கிவிடும்.

சென்னை, மும்பை போன்ற குளிரில்லாத ஊர்களில் உள்ளவர்கள் இதையே பருத்தி நூலில் போட்டால், சூடான பாத்திரம் வைக்கும் விரிப்பாகப் பிரயோஜனப்படும். அக்ரிலிக் நூல் அதற்கு ஆகாது, சூட்டில் உருகும்.

இப்போது என் வேண்டுகோள். ஸ்வெட்டர் பின்ன லூதியானாவில் இயந்திரங்கள் உண்டு. குரோஷாவுக்கு ஆலை இயந்திரம் இன்றும் இல்லை. அந்தப் பெயரில் விற்கும் இயந்திரங்கள் போடுவது வேறு வகைப் பின்னல், தோற்றம் மட்டும்தான் ஒத்திருக்கும். ஆகவே கடையில் எவ்வளவு மலிவான குரோஷாப் பொருளைப் பார்த்தாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவர் கையால் போட்டிருக்கிறார் என்று பொருள்.

ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபூர் இந்த லேஸுக்குப் பெயர் போனது. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுத்தந்த வேலை இது. ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அங்குள்ள பெண்களைப் பற்றி 1982இல் ஒரு நூலே எழுதினார். வெளிநாட்டுச் சந்தைக்கு உழைத்தும் அவர்களை இல்லத்தரசிகள் என்றும், செய்வது ஓய்வுநேர வேலை என்றும் கருதியதால்தான் கூலி அற்பமாக இருந்தது என்பது அவர் கண்டது. 2024இல் நரசாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது நல்லதே. கைக்குக் கூலி, வாங்குகிற நம் மனத்தைப் பொறுத்தது.

இது நரசாபூரோடு நிற்கும் விஷயமல்ல. எங்கள் காலனியில் ஒரு மாமி இருந்தார். தனியாக வாழ்ந்தவர். கேட்டவர்களுக்கெல்லாம் குழந்தைப் போர்வை போட்டுக் கொடுப்பார். எல்லோரும் நூலுக்கு மட்டும் பணம் கொடுத்து, “மாமிக்குப் பொழுது போகிறது” என்பார்கள். அந்தப் பணம் மாமிக்குத் தேவைப்பட்டது. அவர் வாய் திறந்து கேட்கவில்லை. இந்தத் தையலில் ஒரு மஃப்ளர் முடிக்க எனக்குச் சுமார் 15 மணி நேரம் ஆகிறது. போர்வைக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தானமாகக் கொடுப்பதானாலும் அது கொடுப்பவர் விருப்பமாக இருக்க வேண்டும். 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர், பல ஊர்ப் பெண்கள் போட்ட துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட கைகள் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

ஆகவே சகோதரிகளே, இந்தக் குளிரில் ஒரு மஃப்ளராவது போடுங்கள். வீட்டு ஆண்களுக்கும் பேரன்களுக்கும் கற்றுக்கொடுங்கள். அடுத்த முறை யாரிடமாவது கைவேலை வாங்கும்போது, நூலின் விலையோடு நேரத்தின் விலையையும் நீங்களே கேட்டுக் கொடுங்கள். பேரம் பேசாதீர்கள்.

மாதிரித் துண்டுகள் மேஜை மேல் இருக்கின்றன, தொட்டுப் பாருங்கள்.