வாடிய பூவுக்கும் ஒரு பெயர்



விழாவில் பேசுவதற்கு ‘மலர்’ என்னும் பொருளை எனக்குத் தந்தார்கள். பூத்த மலரைப் பாடக் கவிஞர்கள் இங்கே பலர் இருப்பதால், உலர்ந்த மலரை நான் எடுத்துக்கொண்டேன். இப்பேச்சும் பத்தாம் ஆண்டு மலரில்தான் அச்சாகப் போகிறதாம். தாளில் அழுத்தி வைத்தால் பூவைப் போலப் பேச்சும் மணம் இழக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பூவின் பருவந்தோறும் பெயர் வைத்த மொழி நம்முடையது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று விரிந்துகொண்டே போய், உதிர்ந்ததற்கு வீ என்றும் வாடியதற்குச் செம்மல் என்றும் பெயரிட்டார்கள். தலைமையும் பெருமையும் உடையவரைக் குறிப்பதும் அதே செம்மல்தான். அகராதியில் ஒரு சொல்லின் கீழ் இவ்விரு பொருளும் நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும். ஆயினும் வாழ்க்கையில் அந்தச் செம்மலுக்கு நாம் அதிக இடம் தந்ததில்லை. கூந்தலில் சூடிய பூ மறுநாள் காலை குப்பைக்குப் போகிறது. இறைவனுக்குச் சாத்திக் களைந்த மாலைக்கு நிர்மாலியம் என்று பெயர் சொல்லி, கால்படாத இடத்தில் சேர்க்கிறோம். மரியாதையோடுதான் விலக்குகிறோம், ஆனால் விலக்குகிறோம். நாள்தோறும் புதுப்பூ கிடைக்கும் நாட்டில் பழம்பூவைச் சேமிக்கவேண்டிய தேவை என்ன?

பூவை உலர்த்துவதென்றால், அழுகுவதற்கு முன்னே அதன் நீரை வாங்கிவிடுவது. உறிஞ்சுதாள்களுக்கிடையே வைத்துப் பாரம் ஏற்றினால் இரண்டு மூன்று வாரங்களில் தட்டையான பூ கிடைக்கும். கொத்தாகக் கட்டி, இருட்டும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் உருவம் ஓரளவு நிற்கும். ரோஜாவின் வடிவம் முழுதும் வேண்டுவோர் நுண்மணலிலோ சிலிக்கா ஜெல்லிலோ புதைத்து எடுக்கிறார்கள். எம்முறையில் செய்தாலும் பெரும்பாலான பூக்களுக்கு மணம் போய்விடும். மகிழம்பூ போன்ற சிலவே விதிவிலக்கு. பிறகு நிறம்: சிவப்பு கறுக்கும், வெள்ளை பழுக்கும், மஞ்சள் சற்றுத் தாங்கும். மல்லிகையை உலர்த்திப் பார்த்தவர்கள் அறிவார்கள், மிஞ்சுவது தேயிலைத்தூள் நிறத்தில் ஒரு சுருள்தான். நம் பாட்டெல்லாம் மணக்கச் செய்த பூ இக்கலைக்கு ஆகாது. மணமே இல்லாத வாடாமல்லியோ, செடியில் இருந்த அதே ஊதா நிறத்தோடு மாதக்கணக்கில் நிற்கிறது. அதில் நாம் இதழ் என்று எண்ணுவது இதழன்று, தாள்போன்ற செதில். பிறக்கும்போதே பாதி உலர்ந்து பிறப்பதால், இழப்பதற்கு அதனிடம் அதிகம் இல்லை.

இன்று இது ஒரு தொழிலாகவும் வளர்ந்திருக்கிறது. வெயிலும் துறைமுகமும் ஒருங்கே வாய்த்த தூத்துக்குடியிலிருந்து உலர்பூக்கள் கப்பலேறி வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. பூ மட்டுமன்று, விதை நீங்கிய தாமரைப் பொகுட்டும் பஞ்சு நீங்கிய பருத்தி ஓடுங்கூட வெளுக்கப்பட்டு, சாயமேற்றப்பட்டு, யாரோ ஒருவர் வீட்டு மேசையை அழகு செய்கின்றன. நாம் பொருட்படுத்தாத ஓட்டுக்கு ஒரு விலை கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அலங்காரத்திற்குச் சாயம் ஏற்றலாம். ஆனால் நினைவுக்காக வைக்கும் பூவுக்குச் சாயம் கூடாது என்பது என் கட்சி. பழுப்பு அதன் வயது. வயதை மறைத்தபின் அது எதற்கு நினைவு?

அந்த வயதுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு ஒரு சான்று எகிப்தில் இருக்கிறது. துட்டன்காமுன் என்னும் இளம் அரசனின் கல்லறை 1922ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர்ச் சவப்பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டபோது, பொன்னுக்கு நடுவே பூமாலைகளும் இருந்தன. ஆலிவ் இலைகளும் நீல நிறப் பூக்களும் சேர்த்துக் கட்டியவை. மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. பெர்சி நியூபெரி என்ற அறிஞர், அப்பூக்கள் மலரும் காலத்தையும் அவற்றோடிருந்த கனிகள் பழுக்கும் காலத்தையும் ஒப்புநோக்கி, மார்ச் நடுவுக்கும் ஏப்ரல் இறுதிக்கும் இடையில் அடக்கம் நடந்திருக்கவேண்டும் என்று கணித்தார். பொன்முகமூடி சொல்லாத செய்தியை வாடிய மாலை சொல்லிற்று.

பூ தானாகவே இப்படிப் பேசுவது அரிது. பெரும்பாலும் பக்கத்தில் ஒரு கை எழுதியிருந்தால்தான் அது பேசும். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் சிறுமியாக இருந்தபோது உலர்பூ ஏடு ஒன்றைத் தொடங்கினார். 66 பக்கங்களில் 424 செடிகளும் பூக்களும். தாள்கீற்றுகளால் ஒட்டி, தம் கையாலேயே பெயர் எழுதினார். முதற்பக்கத்தில் இடம்பெற்றவற்றுள் ஒன்று மல்லிகை இனம் என்பதை இந்த அவைக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? 1845ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், இத்தகைய ஏடு ஒன்றை நீ தொடங்கிவிட்டாயா என்று தோழிக்குக் கடிதம் எழுதிக் கேட்கிறார். வளர்ந்தபின் கடிதத்தோடு பூவையும், பூவோடு கவிதையையும் அனுப்பும் வழக்கம் அவருக்கு இருந்தது. ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதியவருக்கு, 1886இல் மறையும்வரை அச்சேறியவை பத்து அளவில்தான். மற்றவற்றுள் பலவற்றைத் தாமே படியெடுத்து, நூலால் தைத்து, நாற்பது சிற்றேடுகளாக வைத்திருந்தார். பூவைத் தேர்ந்து, பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கி ஒட்டிய அந்தக் கையின் பழக்கமே பின்னர்க் கவிதை ஏடுகளைத் தைத்தது என்பேன். அப்பூவேடு இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கிறது. தொட்டால் உதிரும் நிலையில் இருப்பதால், படங்களில்தான் அதைப் பார்க்கவேண்டும்.

புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் 1913இல் இத்தகைய ஏடுகளைத் தொடங்கி, முதல் உலகப்போர்க் காலச் சிறைவாசத்திலும் விடாமல் தொடர்ந்தார். பூவின் பெயரும் இடமும் தேதியும் அவற்றில் உண்டு. அவரைப் பற்றி முழங்கும் மேடைகளில் இதை நான் அதிகம் கேட்டதில்லை.

அந்தப் பெயரும் தேதியும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? என் தமக்கையார் காலமானபின் அவருடைய நூலடுக்கை ஒழுங்கு செய்தோம். புத்தகங்களுக்கிடையே பதினொரு பூக்கள் கிடைத்தன. ஒரு செம்பருத்தி எதிர்ப்பக்கத்தில் தன் உருவத்தையே கறையாகப் பதித்திருந்தது. ஒரு மகிழம்பூவில் இன்னும் மணம் இருந்தது. எதனருகிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை. எந்த நாளின் பூ, யார் தந்த பூ என்பதை அறிந்தவர் ஒருவரே, அவர் போய்விட்டார். என் மருமகள் அவற்றை எறிய மனமில்லாமல், இன்னதென்று சொல்லி வைத்துக்கொள்ளவும் வழியில்லாமல், ஓர் உறையிலிட்டு வைத்திருக்கிறாள். தாயின் வாழ்வில் தான் அறியாத பதினொரு நாள்கள் இருந்தன என்பது மட்டும் அவளுக்குத் தெரிகிறது.

திருமண மாலையின் பூக்களைக் கண்ணாடிபோன்ற ரெசினில் உறையவைத்துத் தரும் வழக்கம் இப்போது நகரங்களில் பரவியிருக்கிறது. விரும்புவோர் செய்துகொள்ளட்டும். நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பழைய புத்தகமே போதும். பூவுக்கும் பக்கத்துக்கும் நடுவே மெல்லிய தாள் ஒன்று வையுங்கள். சாறு எழுத்தைக் கெடுக்கும். நூலகப் புத்தகம் வேண்டா. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சிக்கு அஞ்சினால், ஏட்டுச்சுவடிகளுக்கு நம் முன்னோர் வைத்த வசம்பு இருக்கிறது. தேதி, ஊர், தந்தவர் பெயர் மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

மேடையேறியதும் எனக்கு நீங்கள் அணிவித்த மாலையிலிருந்து ஒரு சம்பங்கியை எடுத்துக்கொள்கிறேன். அதன் வெண்மை நிற்காது, நிற்கவேண்டியதில்லை. தேதியையும் ஊரையும் எழுதிவிட்டேன். செயலாளர் அவர்கள் கீழே கையெழுத்திட்டுத் தரவேண்டும்.